உங்களுக்குத் தெரியுமா? ஏலமலை ஏறும் ஜீப்பின் பரம்பரை

தேனி மாவட்டத்தில் பொழுது விடியும் முன்பே கலகலப்பாகிவிடும் மலைச்சாலைகள் மூன்று: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களைக் காலங்காலமாக ஏற்றிப் போவது ஜீப்தான். மற்ற ஊர்களில் பழைய ஜீப் ஊர்வலத்துக்கு வரும் அலங்காரம். கம்பம் பள்ளத்தாக்கில் அது உழைக்கும் வண்டி. ஒரே ஜீப்பின் அடுத்தடுத்த மாடல்களைத் தேடிச் சேர்த்து உயிர் கொடுக்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான மண் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

★

இந்தப் பரம்பரையின் மூத்த வண்டி 49 நாள் கெடுவில் பிறந்தது. 1940-இல் அமெரிக்க ராணுவம் சிறிய நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்றைக் கேட்டது. அதைச் சொன்ன கெடுவுக்குள் செய்து முடித்தது பென்சில்வேனியாவின் பாண்டம் என்ற சின்னஞ்சிறு நிறுவனம். கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த அந்த மாதிரி வண்டி 1940 செப்டம்பர் 23 அன்று ராணுவத்தின் கைக்குப் போனது. ஆனால் பெரிய ஆர்டர்கள் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்குத்தான் கிடைத்தன. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின.

★

போர்க்கால ஜீப் ஒன்று கண்ணில் பட்டால், வில்லிஸா ஃபோர்டா என்று அறிய முன்பக்கம் குனிந்து பாருங்கள். ரேடியேட்டருக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். தலைகீழாகக் கவிழ்த்த ‘ப’ போல இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்திருந்தது. அந்த எழுத்துள்ள பழைய போல்ட்டைத் தேய்ந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். வண்டியின் பிறப்புச் சான்றிதழில் ஒரு வரி அது.

★

இந்தியாவுக்கு ஜீப்பைக் கொண்டுவந்த நிறுவனம் 1945 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டபோது அதன் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்ற சகோதரர்களோடு பங்காளியாக இருந்த மாலிக் குலாம் முகமது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948-இல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. முதலில் பாகம் பாகமாக வந்து இறங்கிய வில்லிஸைக் கோத்தார்கள். பிறகு உரிமம் பெற்று இங்கேயே செய்தார்கள்.

★

சேகரிப்பவர்கள் ஒரே ஜீப்போடு நிற்காததற்கு ஓர் அளவு காரணம்: 80 அங்குலம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள இந்தத் தூரம் போர்க்கால எம்.பி., 1945-இல் வந்த சிஜே-2ஏ, 1949-இல் வந்த சிஜே-3ஏ, 1953-இல் வந்த சிஜே-3பி ஆகிய நான்கிலும் மாறவே இல்லை. ஆகவே ஒன்றின் பாகங்களில் பல இன்னொன்றில் உட்காரும். ஒரு வண்டிக்காகத் தேடி வாங்கிய கியர் பாக்ஸ் அடுத்த வண்டியை வாங்க வைக்கும். அதற்குக் கிடைத்த அச்சு மூன்றாவதை வாங்க வைக்கும்.

அடையாளம் கண்டுகொள்வதும் சுலபம். முன் கிரில்லில் ஒன்பது துளை இருந்தால் போர் வண்டி. சாதாரண மக்களுக்கென வந்த சிஜே-2ஏவில் விளக்குகள் பெரிதாகி, துளைகள் ஏழாகக் குறைந்தன. பின்னால் இறக்கி ஏற்றும் கதவும் வந்தது. இரண்டாகப் பிரிந்திருந்த முன் கண்ணாடி ஒரே பலகையானால் சிஜே-3ஏ. பானெட் தூக்கலாக, முகம் உயரமாக இருந்தால் சிஜே-3பி. நம் ஊர் மஹிந்திரா ஜீப்புகளின் நேரடித் தாய் இதுதான்.

முழுசாக இருக்கும் ஒரு ஜீப்பைப் பிரித்துப்போட்டு இன்னொன்றை முடிக்கிறவர்களும் உண்டு. அது வேண்டாம். சேஸிஸ் உடைந்து, வண்டியின் உடலான தொட்டி மண்ணாகிப் போனதில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். ஓடக்கூடியதை ஓடவிட வேண்டும்.

★

சிஜே-3பியின் பானெட் ஏன் உயர்ந்தது? அழகுக்காக இல்லை, உள்ளே இருந்த எஞ்சின் உயர்ந்ததால். அதுவரை இருந்த ‘கோ டெவில்’ எஞ்சினில் எல்லா வால்வுகளும் பக்கவாட்டில் பிளாக்கில் இருந்தன. சுமார் 60 குதிரைத்திறன். புதிய ‘ஹரிக்கேன்’ எஞ்சினில் காற்றை இழுக்கும் வால்வு மட்டும் தலைக்கு ஏறியது. புகையை விடும் வால்வு பிளாக்கிலேயே இருந்தது. கொள்ளளவு அதே 2.2 லிட்டர்தான், திறனோ 70-ஐத் தாண்டியது. உயரம் கூடிய எஞ்சினுக்கு இடம்கொடுக்கப் பானெட்டைத் தூக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1968-இல் இந்த மாடல் நின்றது. இந்தியாவில் அதன் வழிவந்தவை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஜப்பானில் மிட்சுபிஷி 1998 வரை ஜீப் செய்தது.

★

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். இந்த ஏற்றத்தில் பழைய பெட்ரோல் ஜீப்புக்கு மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது காற்று. மேலே போகப் போகக் காற்று மெலிவதால், ஆயிரம் மீட்டரில் எஞ்சின் தன் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும். இரண்டாவது தண்ணீர். சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் போடிமெட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்காத பழைய ரேடியேட்டர் மூடியோடு ஏறினால் வழியில் ஆவி கிளம்பும். ரேடியேட்டரைப் புதிதாக்கியவர்கள் சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் பழைய மூடியையே மாட்டுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மூன்றாவது முதல் கியர். பழைய மூன்று கியர் பெட்டியில் இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்கு மட்டுமே, பற்களின் வேகத்தை ஒன்றாக்கிக் கியர் விழ உதவும் சிங்க்ரோ உண்டு. வளைவில் வேகம் குறைந்து முதல் கியர் தேவைப்பட்டால், வண்டியை நிறுத்தித்தான் போட முடியும். அல்லது கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து, எஞ்சின் வேகத்தைக் காதால் அளந்து போட வேண்டும். இந்த வித்தை கைவந்த மூத்த ஓட்டுநர்கள் இந்த மலையடி ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஜீப்பை மீட்டெடுப்பவர் அவர்களிடம் ஒரு நாளாவது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழக வேண்டும்.

★

போர்க்கால ஜீப்பின் தொட்டிக்கு அடியில் மரம் இருக்கிறது! தரையைத் தாங்கும் தகட்டுப் பள்ளங்களுக்குள் மரக்கட்டை செருகியிருப்பார்கள். மழைநீர் உள்ளே புகுந்தால் கட்டை ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்; தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். இரண்டு பருவமழைகளையும் காணும் மலையில் ஓடிய வண்டியின் மேல்பக்கம் பளபளவென இருந்தாலும் நம்பக்கூடாது. படுத்து, அடியில் சுத்தியலால் தட்டிப் பார்த்தபின் விலை பேசுங்கள்.

★

அமெரிக்க ராணுவம் இந்த வண்டியைக் ‘கால் டன்’ வகையில் சேர்த்திருந்தது. கரடுமுரடான பாதையில் ஏற்ற வேண்டிய பாரம் அவ்வளவுதான். நீளம் கூட்டிய பிற்கால ஜீப்புகள் அதைவிட அதிகம் தாங்கும். என்றாலும் கூலி மிச்சம் பிடிக்க ஒரே வண்டியில் ஆட்களை அடைத்து மலையேற்றுவதை எந்த ஸ்பிரிங் பட்டையும் எந்தப் பிரேக்கும் மன்னிக்காது. பழைய ஜீப்பை நேசிப்பவர் முதலில் கண்டிக்க வேண்டியது இதைத்தான்.

★

யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைப் பழைய கார்களை மண்ணெண்ணெய் காப்பாற்றியது. 1990-களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, ஆஸ்டின் ஏ-40, மோரிஸ் கார்களை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் சில சொட்டு பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் இது முடிந்தது. ஜீப்பின் ‘கோ டெவில்’ எஞ்சினும் அந்த இனமே. அதன் விகிதம் ஆறரைக்கு ஒன்று.

★

டீசல் எஞ்சின் மாற்றிய ஜீப்புகள் பள்ளத்தாக்கில் ஏராளம். 1970-களின் இறுதியில் மஹிந்திரா பிரான்ஸின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் செய்த 2,112 சிசி டீசல் எஞ்சின் மலைக்கு நன்றாகவே ஒத்துப்போனது. தோட்டக்காரர்கள் பெட்ரோல் எஞ்சினை இறக்கியதைக் குறை சொல்ல மாட்டேன், பிழைப்பு அது. ஆனால் இறக்கிய எஞ்சினை எடைக்குப் போட்டதுதான் பெரிய இழப்பு. உங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை மூலையில் ஒன்று கிடந்தால், ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு மூடி, சாக்கு போர்த்தி வையுங்கள்.

★

எஞ்சின் மாற்றுவதற்கு முன்அனுமதி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

★

50 வயது கடந்த, அசல் உருவம் கெடாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் வாங்கலாம். இந்த விதி 2021 ஜூலையில் வந்தது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அப்படிப் பதிந்தபின் கண்காட்சி, ஆய்வு, பழங்கார் பேரணி, எரிபொருள், பராமரிப்பு தவிர வேறு வேலைக்கு அந்த வண்டியைச் சாலையில் எடுக்க முடியாது. வரிசையாகச் சேர்ப்பவர்களுக்கு என் யோசனை: போர்க்கால வண்டியை ‘விஏ’வில் வைத்துக்கொள்ளுங்கள், சிஜே-3பியைச் சாதாரணப் பதிவிலேயே விடுங்கள். ஒன்றாவது மலையேற வேண்டாமா?

★

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லியைச் சுற்றித்தான் போக முடியும். கற்கள் பெயர்ந்த அந்தப் பாதையில் ஓடுவது ஜீப் மட்டுமே.

★

பழைய ஜீப் வாங்கும்போது வண்ணத்துக்கு முன் எண்ணைப் பாருங்கள். சேஸிஸ் சட்டத்தில் பொறித்த எண்ணின் மேல் உள்ள பெயிண்டையும் கிரீஸையும் மண்ணெண்ணெயில் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். தேனி தனி மாவட்டமானது 1996-இல்தான். ஆகவே அதற்கு முந்தைய வண்டிகளின் பழைய பதிவுகளுக்கு மதுரை அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். தேனிக்கான டி.என். 60 எண்ணோடு புதிதாகத் தெரியும் ஆர்.சி.யை யாராவது நீட்டினால், அதற்கு முந்தைய எண் என்ன என்று கேளுங்கள்.