ஆட்டுக்குப் போடும் ஊசியை ஆமைக்குப் போடாதீர்கள்

ஆமை இரண்டு மூன்று நாளாக இரை எடுக்கவில்லை. எச்சத்தில் வெள்ளை நூல்போல ஏதோ நெளிகிறது. உடனே ஆட்டுக்கு வாங்கிவைத்த புழு ஊசியில் மிச்சமிருப்பதை ஆமைக்கும் கொஞ்சம் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஆமை தலையை ஓட்டுக்குள் இழுக்கக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கும். புழு முற்றிச் செத்தது என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள். பல நேரம் அதைக் கொன்றது புழு அல்ல, அந்த ஊசிதான். விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரம் வட்டத்து ஊர்களில் ஆடு மாடு இல்லாத தெரு அரிது. ஆகவே அந்த மருந்தும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மருந்தின் பெயர் ஐவர்மெக்டின். ஆடு, மாடு, நாய்களுக்கு நன்றாக வேலை செய்யும். ஆமையின் உடலில் அது நரம்பு மண்டலத்தைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்க வைக்கும். கடைசியில் மூச்சு நின்றுபோகும். இது ஆமைகளுக்கு நஞ்சு என்று 1983லேயே அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் ஆய்வு வெளிவந்துவிட்டது. ஆனாலும் எந்தப் பிராணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், மருத்துவர் சீட்டும் பார்க்காமல் மருந்தை எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஊசியோ, மாத்திரையோ, முதுகில் ஊற்றும் திரவமோ, எந்த வடிவிலும் ஐவர்மெக்டின் ஆமைக்கு ஆகாது.

சிலர் வேப்பிலைச் சாற்றை வாயைப் பிளந்து ஊற்றுகிறார்கள். ஆமைக்கு நம்மைப்போல இருமித் தள்ளும் வலு இல்லை. மூச்சுக்குழலில் இறங்கிய சாறு நுரையீரலிலேயே தங்கி நோயாகும்.

சரி, மருத்துவரிடம் தூக்கிப் போகலாமே என்றால், பலர் போவதில்லை. காரணம் பயம். காட்டோரத்தில் பிடித்த நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. முழுதாகவே தெரிந்துகொள்ளுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972க்கு 2022ல் கொண்டுவந்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏரி, குட்டைகளில் அகப்படும் மெத்தோட்டுப் பாலாமையும் அதே அட்டவணைதான். வேட்டையாடிய குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பிடிப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். வீட்டுக்கு ராசி என்று ஜோசியர் சொன்னதெல்லாம் நீதிமன்றத்தில் செல்லாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? 39ஆவது பிரிவின்படி இத்தகைய விலங்கு அரசின் சொத்து. அது கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, அதிகாரம் பெற்ற வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். வயலில், கிணற்றடியில் கண்டெடுத்தவர்கள் அந்தக் கெடுவுக்குள் தகவல் சொல்லிவிட்டால் சட்டம் சொன்னதைச் செய்தவர்கள் ஆவார்கள். கெடு தாண்டி வைத்திருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு தாமாகவே ஒப்படைப்பதுதான், யாரோ துப்புக் கொடுத்துப் பிடிபடுவதைவிட நல்லது.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மாவட்ட வன அலுவலர், விழுப்புரம் என்று முகவரியிட்டு, உங்கள் பகுதி வனச்சரக அலுவலர் வழியாக மனு எழுதுங்கள். ஆமை கிடைத்த தேதி, இடம், விதம், எண்ணிக்கை, இப்போதைய உடல்நிலை, ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அதன் பெயர், கொடுத்த நாள் எல்லாம் அதில் இருக்கட்டும். மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்த புகைப்படங்களை இணையுங்கள். இரண்டு படி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொண்டுதான் ஆமையைக் கொடுக்க வேண்டும். ‘இது எங்கள் சரகம் இல்லை, நாளைக்கு வாங்க’ என்று அலைக்கழித்தால் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். அங்கும் தட்டிக்கழித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. நோயில் கிடக்கும் உயிரை மேசைக்கு மேசை தள்ளிவிடுகிற அலுவலர்களுக்குத் தேதி போட்ட தாள் ஒன்றுதான் பதில் சொல்ல வைக்கும்.

கடையில் வாங்கிய வெளிநாட்டு ஆமைக்குக் கணக்கு வேறு. சல்காட்டா போன்ற, சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வரும் இனங்களை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாள் கெடு. விற்ற கடையில் ரசீது கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பதிவில் தடுமாறுவீர்கள்.

இனி மருத்துவம். புழு தெரிந்தாலே மருந்து என்று பாயக்கூடாது. இலை தழை தின்னும் ஆமையின் குடலில் ஊசிப்புழு ஓரளவு இருப்பது சாதாரணம். அது பெருகி, எடை குறைந்து, இரை மறுத்து, கழிச்சல் கண்டால்தான் சிகிச்சை. அதை முடிவு செய்வது எச்சப் பரிசோதனை. ஈரம் காயாத புது எச்சத்தை மண் ஒட்டாமல் சுத்தமான மூடி போட்ட சிறு டப்பாவில் எடுங்கள். நாள், நேரம், ஆமையின் இனம், எடை எழுதி ஒட்டுங்கள். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். உறைய வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். உள்ளூர் அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் கேளுங்கள். ஆமை பார்த்துப் பழக்கமில்லை என்று மருத்துவர் சொன்னால் அது நேர்மையான பதில். மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நமக்குப் பக்கம் புதுச்சேரி குரும்பாப்பேட்டிலுள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. அதற்கடுத்து சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆமைகளுக்கு வழக்கமாகத் தருவது ஃபென்பெண்டசோல். அதையும் அளவு மீறினால் இரத்த அணுக்கள் குறையும் என்பதால், கிராம் கணக்கில் எடை பார்த்து மருத்துவரே அளவைக் குறிக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: ஐவர்மெக்டின் என்று யார் எழுதித் தந்தாலும், ‘இது ஆமைக்கு, சரிதானா?’ என்று கேட்காமல் போட விடாதீர்கள்.

தொல்லை தாங்காமல் ஆமையை ஏரியிலோ மலையடியிலோ விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வீட்டு ஆமையின் புழுவும் கிருமியும் காட்டு ஆமைகளுக்குப் போகும். வெளிநாட்டுச் செங்காது ஆமை நம் ஏரியில் பெருகி உள்ளூர் இனங்களின் இரையைப் பறிக்கும். விடாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் புழு தொற்றுமோ என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஆமைப் புழுவைவிட அதன் எச்சத்திலிருக்கும் சால்மோனெல்லா கிருமிக்குத்தான் பயப்பட வேண்டும். இதற்காகவே அமெரிக்கா 1975ல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆமையைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைத் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

மருந்து கொடுத்ததோடு வேலை முடியவில்லை. புழு முட்டை மண்ணிலேயே கிடந்து இரையோடு மறுபடி உள்ளே போகும். எச்சத்தை அன்றன்றைக்கே அள்ளி, அடைப்பின் மேல்மண்ணை மாற்றி, மருத்துவர் குறித்த நாளில் இரண்டாவது எச்சப் பரிசோதனைக்கும் டப்பாவோடு போங்கள்.