லேண்டிங் கியருக்கு ஸ்பிரிங் மட்டும் போதுமா?

போன மாசம் ஒரகடம் பக்கத்துல ஒரு காலி மனையில என்னோட ஒன்றரைக் கிலோ ஆர்.சி. விமானத்தை இறக்கினேன். தரையைத் தொட்டுச்சு, எம்புச்சு, மறுபடி விழுந்தப்போ லேண்டிங் கியர் அடிப்பலகையோட பிய்ச்சுக்கிட்டு வந்துடுச்சு. ரெண்டு மாச வேலை போச்சு!

காரணம் என்ன? விமானம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்துல கீழே வருதுன்னு வெச்சுக்கோங்க. கியர் 5 மில்லிமீட்டர் மட்டும் வளைஞ்சு அதை நிறுத்தினா, சராசரியா 15 கிலோ எடை வெச்ச மாதிரி விசை அடிப்பலகையில விழும். 25 மில்லிமீட்டர் வளைஞ்சா 3 கிலோதான்.

அப்போ மெல்லிசான ஸ்டீல் கம்பி போட்டா போதுமா? போதாது. கம்பி வாங்கின ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதான் விமானம் எம்புது.

ஒரகடத்துல 2013-ல இருந்து ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை ஓடுது. அந்த பைக்கோட முன்பக்க ஃபோர்க்ல ஸ்பிரிங்கோட ஆயிலும் இருக்கு. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கும். சின்ன ஓட்டை வழியா பிதுங்குற ஆயில் அந்த ஆற்றலை வெப்பமா மாத்திடும்.

நம்ம விமானத்துக்கு ஆயில் டேம்பர் வெச்சா எடை ஏறும். 1938-ல வந்த பைப்பர் ஜே-3 கப் விமானத்துலயே ரப்பர் கயிறுதான். ரப்பர் இழுபட்டுச் சுருங்கும்போது கொஞ்சம் ஆற்றலை வெப்பமா விட்டுடும்.

அதனால நான் இப்போ செஞ்சது மூணு: கியரை ரப்பர் பேண்டால கட்டினேன், ஃபோம் சக்கரம் போட்டேன், ரப்பர் பிடிக்கிற கொக்கியை நைலான் போல்ட்ல மாட்டினேன். அடி பலமா விழுந்தா போல்ட் உடையட்டும், விமானம் பிழைக்கட்டும்.