பூட்டிய லினக்ஸில் ஒரு விபிஎன்: பந்தலூர் மழைக்காலக் குறிப்பு

பந்தலூரில் ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்காவது மரம் சாயும், கம்பி அறும், அவ்வளவுதான். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மழை மாதங்களில் அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோவையை விட்டுவிட்டு இங்கே வீட்டிலிருந்துதான் வேலை. ஒரே நிபந்தனை, விபிஎன் ஓடவேண்டும். அது ஓடவில்லை என்றால் கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் என்று மலை இறங்கிப் போகவேண்டியதுதான்.

இந்த வருஷம் அதற்காக ரெண்டு ராத்திரி தூக்கம் போனது. இன்னொருத்தருக்கு அது போகவேண்டாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

ஏன் பூட்டிய லினக்ஸ்?

என் மடிக்கணினி பழசு, பேட்டரி செத்துப்போச்சு. முன்பு சாதாரண லினக்ஸ் வைத்திருந்தேன். ஒரு நாள் அப்டேட் ஓடிக்கொண்டிருந்த நடுவில் கரண்ட் போனது. பாதிப் பொதிகள் புதுசு, பாதி பழசு. மறுபடி எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஃபெடோரா சில்வர்ப்ளூவுக்கு மாறினேன். இதில் இயங்குதளத்தின் மையப் பகுதியில், அதாவது யூஎஸ்ஆர் கோப்புறையில், ரூட் உட்பட யாரும் நேரடியாக எழுத முடியாது. அப்டேட் வந்தால் ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல், பக்கத்தில் முழுசாக இன்னொரு பதிப்பைத் தயார் செய்கிறது. எஸ்டேட்டில் பழைய லயத்தில் குடியிருந்துகொண்டே பக்கத்தில் புது லயம் கட்டுகிற மாதிரி. ரீபூட் செய்யும்போதுதான் குடி மாறுகிறோம். கட்டும்போது கரண்ட் போனாலும் பழைய வீடு அப்படியே இருக்கும். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் எங்கே என்றால், இணையத்தில் கிடைக்கும் விபிஎன் செய்முறைகளில் பெரும்பாலானவை அந்தப் பூட்டிய அறைக்குள் எழுதலாம் என்று நினைத்து எழுதப்பட்டவை.

ஏன் சொந்த சர்வர்?

எங்கள் வேலை சர்வர்கள் குறிப்பிட்ட இந்திய ஐபி முகவரியிலிருந்து வந்தால்தான் கதவைத் திறக்கும். இங்கே கிடைக்கும் மொபைல் இணைப்பில் ஒரே முகவரியைப் பல பேர் பகிர்கிறோம், அதுவும் அடிக்கடி மாறும். காசு கொடுத்து வாங்கும் விபிஎன் சேவையும் எனக்குச் சரிவரவில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை அந்த ஆண்டே இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. ஆகவே மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்தேன். அங்கேயும் என் விவரம் பதிவாகத்தான் செய்யும். எனக்கு ஒளிந்துகொள்ளும் தேவை இல்லை, மாறாத ஒரு முகவரி போதும்.

முதலில் வயர்கார்டு போட்டேன். பூட்டிய லினக்ஸில் இதுதான் மிக எளிது. 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பிலிருந்தே கெர்னலுக்குள் இருக்கிறது. அமைப்புக் கோப்பை நெட்வொர்க் மேனேஜரில் இறக்குமதி செய்தால் முடிந்தது, எதையும் நிறுவவேண்டாம். உங்களுக்கு இது ஓடினால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடலாம்!

எனக்கு ஓடவில்லை. வயர்கார்டு யுடிபியில் மட்டும்தான் பேசும். என் இணைப்பில் மாலை நேரத்தில் யுடிபி பாக்கெட்டுகள் காணாமல் போயின. அதனால் டிசிபி 443 வழியாக, சாதாரண இணையதளப் போக்குவரத்து போலவே போகக்கூடிய ப்ராக்ஸி மென்பொருள் தேவைப்பட்டது. சிங்-பாக்ஸ் எடுத்தேன்.

தோற்ற வழிகள்

முதலில் ஒரு நிறுவல் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். "படிக்க மட்டும்" என்று சொல்லி நின்றுவிட்டது. யூஎஸ்ஆருக்குள் எழுதப் பார்த்திருக்கிறது.

அடுத்து ஃப்ளாட்பேக்கில் கிடைத்த ஒரு ப்ராக்ஸி செயலி. பிரவுசரில் ப்ராக்ஸி முகவரியைக் கொடுத்தால் அது ஓடுகிறது. ஆனால் டெர்மினல், கிட் எதுவும் அந்த வழியில் போகவில்லை. எல்லாப் போக்குவரத்தையும் பிடிக்க 'டன்' என்கிற மெய்நிகர் நெட்வொர்க் கார்டை உருவாக்கவேண்டும். அந்த அதிகாரம் ஃப்ளாட்பேக் கூண்டுக்குள் கிடைக்காது.

பிறகு டூல்பாக்ஸ். உள்ளே ரூட் மாதிரி தெரிந்தாலும் அது கன்டெய்னருக்குள் மட்டும் ரூட். வெளியே உள்ள நெட்வொர்க்கை மாற்ற கெர்னல் விடாது.

நாலாவது வழி ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ கொண்டு பொதியை மேலடுக்காகச் சேர்ப்பது. இது வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டிலும் அந்த அடுக்கை மறுபடி சேர்த்துக் கட்டும். புது ஃபெடோரா பதிப்புக்கு ஏற்ற பொதி வெளியார் களஞ்சியத்தில் வரவில்லை என்றால் மொத்த அப்டேட்டும் நின்றுவிடும். ஒரு ப்ராக்ஸிக்காக அந்த ஆபத்து வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நின்ற வழி

கேள்வியை மாற்றிக் கேட்டபோதுதான் விடை கிடைத்தது. எப்படி நிறுவுவது என்பதை விட்டுவிட்டு, இந்தக் கணினியில் எந்த இடம் என்னுடையது என்று பார்த்தேன். யூஎஸ்ஆர் என்னுடையது இல்லை. இடிசி, வார் ரெண்டும் என்னுடையவை. யூஎஸ்ஆருக்குள் இருக்கிற 'லோக்கல்' கோப்புறைகூட உண்மையில் வாருக்குள் போகும் ஒரு இணைப்புதான், அதனால் அங்கே எழுதலாம்.

சிங்-பாக்ஸ் ஒரே ஒரு கோப்பு. அதை லோக்கலில் உள்ள 'பின்' கோப்புறையில் வைத்தேன். அமைப்புக் கோப்பு இடிசியில், சிஸ்டம்டி சேவைக் கோப்பும் இடிசியில். தொடங்கினால் 203 என்ற பிழை எண், அனுமதி மறுப்பு. அனுமதி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முதல் ராத்திரி இதிலேயே போச்சு.

காரணம் எஸ்இலினக்ஸ். ஒவ்வொரு கோப்புக்கும் அது ஒரு முத்திரை வைத்திருக்கிறது. டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து நான் கோப்பை நகர்த்தியதால் "வீட்டுக் கோப்பு" என்ற பழைய முத்திரையும் கூடவே வந்துவிட்டது. வீட்டுக் கோப்பைச் சேவையாக ஓட்ட சிஸ்டம்டிக்கு அனுமதி இல்லை. நகர்த்தாமல் நகலெடுத்திருந்தால் புது இடத்தின் முத்திரை விழுந்திருக்கும். 'ரீஸ்டோர்கான்' கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினேன், உடனே சேவை எழுந்தது. இதற்காக எஸ்இலினக்ஸையே அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அணைக்காதீர்கள்.

அமைப்புக் கோப்பில் தானியங்கி வழித்தடத்தோடு இன்டர்ஃபேஸ் கண்டறிதலையும் சேர்த்துப் போடுங்கள். விட்டால் சர்வருக்குப் போகவேண்டிய பாக்கெட்டும் மறுபடி டன்னுக்குள்ளேயே நுழைந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

ரெண்டாவது ராத்திரி

ஓடுகிறதே என்று நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் வைஃபை தகராறு. முந்தைய நாள் வந்த அப்டேட்தான் காரணம் என்று தோன்றியதால் துவக்கப் பட்டியலில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். வைஃபை வந்தது, விபிஎன் சேவையைக் காணோம். ராத்திரி பத்து மணி, காலையில் ஒரு வெளியீடு.

நடந்தது இதுதான். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி இடிசி உண்டு. புதுப் பதிப்புக்கு மாறும்போது பழைய இடிசியில் நாம் செய்த மாற்றங்கள் முன்னால் வரும். பின்னால் போனால் அந்தப் பதிப்பை விட்டு வந்த நாளில் இருந்த இடிசிதான் கிடைக்கும். வார் மட்டும் ரெண்டுக்கும் பொது. அதனால் சிங்-பாக்ஸ் கோப்பு பத்திரமாக இருந்தது, அதை ஓட்டவேண்டிய சேவைக் கோப்பு இல்லை.

நினைவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதி முடிக்க விடியற்காலை மூன்று. இப்போது சேவைக் கோப்பு, அமைப்புக் கோப்பு ரெண்டுக்கும் ஒரு நகல் என் ஹோமில் இருக்கிறது. ஹோமும் வாருக்குள்தான் இருக்கிறது, எந்தப் பதிப்புக்குப் போனாலும் கூடவே வரும். அவற்றை இடிசிக்கு நகலெடுத்து, முத்திரையைச் சரிசெய்து, சேவையைத் தொடங்க அஞ்சு வரி ஸ்கிரிப்ட் ஒன்றும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். சர்வர் சாவி அதில் இருப்பதால் அந்தக் கோப்புறையை வேறு யாரும் படிக்கமுடியாதபடி பூட்டிவிடுங்கள்.

அதற்கப்புறம் கரண்ட் எத்தனையோ தடவை போய் வந்துவிட்டது. கணினி எழுந்ததும் விபிஎனும் தானே எழுந்துவிடுகிறது. காலையில் அம்மா டீயை மேசையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு லைன் கிடைச்சுதாப்பா?" என்று கேட்பார். கிடைச்சிருச்சும்மா.