காருக்கும் வேண்டும் குளிர்ந்த மூச்சு!
பழைய வண்டிக்குப் பளபளக்கும் குழாய்: லாபமா, நட்டமா?

கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு சிறிய பட்டறை. ஞாயிற்றுக்கிழமை காலை நேரம். ஓர் இளைஞர் பழைய மாருதி 800 காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

அது அவருடைய அப்பாவின் கார். கார்பரேட்டர் காலத்து வண்டி. வயது 25-ஐத் தாண்டிவிட்டது.

பின்சீட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதைத் திறந்தார். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் அலுமினியக் குழாய்! அதன் முனையில் மாட்டுவதற்குக் கூம்பு வடிவத்தில் ஒரு சிவப்பு ஏர் பில்டர்!

"அண்ணா, இத மாட்டிக் குடுங்க. மாட்டினா வண்டி பறக்கும்னு சொல்றாங்க" என்றார் இளைஞர்.

மெக்கானிக்குக்கு வயது 60 இருக்கும். அவர் குழாயைப் பார்த்தார். பிறகு இளைஞரைப் பார்த்தார்.

"பறக்கறது இருக்கட்டுங் தம்பி. உங்கப்பா என்ன சொன்னாருங்க?"

"அடுத்த மாசம் அக்காவைப் பிரசவத்துக்கு உடுமலையில இருந்து கூட்டிட்டு வரணும். வண்டி வழியில நின்னுதுன்னா வீட்டுக்குள்ளயே வராதேன்னு சொன்னாருங்க!"

மெக்கானிக் சிரித்துவிட்டார். "அப்படின்னா முதல்ல வண்டி எப்படி மூச்சு விடுதுன்னு பாக்கலாங்க" என்று சொல்லி, பானெட்டைத் தூக்கினார்.

அரிசியும் பொரியும்

காருக்குச் சாப்பாடு பெட்ரோல் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். காற்று இல்லாமல் பெட்ரோல் எரியாது. விறகடுப்பு மங்கினால் ஊதாங்குழலை எடுத்து ஊதுகிறோம் அல்லவா? அதே கதைதான்.

1 கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! மொட்டை மாடியில் வைக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஒன்பதில் அடங்கும் காற்றை, ஒரு லிட்டர் பெட்ரோல் தீருவதற்குள் கார் இழுத்துவிடுகிறது.

அந்தக் காற்று சூடாக இருந்தால் என்ன?

ஒரு படி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படி பொரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு. ஆனால் எடை ஒன்றாகுமா? ஆகாது. குளிர்ந்த காற்று அரிசி மாதிரி. சூடான காற்று பொரி மாதிரி. எஞ்சின் ஒவ்வொரு முறையும் ஒரே படி அளவுதான் இழுக்கிறது. பொரியை இழுத்தால் வலு குறைகிறது.

வெளியே வெயில் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பானெட்டுக்குள் 65 டிகிரி. இந்த 30 டிகிரி வித்தியாசத்தில், ஒரே அளவு காற்றின் எடை நூற்றுக்கு 9 பங்கு குறைந்துவிடும்.

உதகைக்குப் பழைய காரில் போனவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். கல்லாறு தாண்டி மலை ஏற ஏற, வண்டி முக்கும், முனகும். ஏற்றம் மட்டும் காரணம் அல்ல. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில், காற்றின் அடர்த்தியே கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு!

கோவையின் வேக ஆசை

எஞ்சினைப் பிரித்து, திருத்தி, வேகம் கூட்டிப் பார்க்கும் ஆசை கோவைக்குப் புதிது அல்ல. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கினார். இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்துக் கற்கும் பழக்கத்தை இந்த ஊருக்குக் காட்டியவர் அவர்.

அவருக்குப் பின் வந்தவர் கரிவரதன். பந்தய வீரர். பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்தவர். மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை வைத்தே, குறைந்த செலவில், ஒருவர் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தயத் தளத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான்.

இந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த இளைஞருக்குக் குழாய் மாட்டும் ஆசை வருவதில் வியப்பு இல்லை. ஆனால் பந்தயக் காரின் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள். நம் வீட்டுக் காரின் எஞ்சினோ பல ஆண்டுகள் மூடியே கிடக்கும். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

மெக்கானிக் கிளிப்புகளைத் தட்டிவிட்டு, ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய பில்டர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. தட்டியதும் ஒரு கைப்பிடி செம்மண் தூசு கொட்டியது. நடுவே தென்னை நார்த் தூள் வேறு!

"பொள்ளாச்சிப் பக்கம் அடிக்கடி போவீங்களா?" என்று கேட்டார்.

"அம்மாயி ஊருங்க" என்றார் இளைஞர்.

அடுத்து, பில்டர் பெட்டியின் வாயைக் காட்டினார். அதிலிருந்து காரின் முன்பக்கம் வரை ஒரு ரப்பர் குழாய் போக வேண்டும். குழாயைக் காணோம்! என்றோ கிழிந்து விழுந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. அதனால் பெட்டி எஞ்சின் சூட்டையே இழுத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா தம்பி? குளிர்ந்த காத்து வர்றதுக்குக் கம்பெனிக்காரனே வழி வெச்சிருக்கான். அதைத் தொலைச்சுப்போட்டு, நாம காசு குடுத்துப் புதுசு வாங்கறோம்!"

இளைஞர் தலையைச் சொறிந்தார். அவர் மட்டுமா? பழைய கார் வைத்திருக்கும் பலர் வீட்டிலும் இதே கதைதான்.

பளபளப்பில் உள்ள பள்ளங்கள்

"சரிங்கண்ணா, இந்தப் புதுக் குழாயைத்தான் மாட்டினா என்ன?" என்று இளைஞர் விடாமல் கேட்டார்.

மெக்கானிக் ஒவ்வொன்றாக விளக்கினார்.

முதலாவது, சூடு. கூம்பு பில்டரை எஞ்சின் பக்கத்திலேயே திறந்தபடி மாட்டினால், அது பானெட் சூட்டைத்தான் குடிக்கும். பெயர் குளிர் காற்றுக் குழாய். வேலை வெந்நீர்க் கொப்பரை! அலுமினியம் சீக்கிரம் சூடேறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, தூசு. மண் தூசில் மணல் துகள்கள் உண்டு. அவை சிலிண்டருக்குள் புகுந்தால் உப்புத்தாள்போல் தேய்க்கும். பிஸ்டன் வளையங்கள் தேயும். எஞ்சின் ஆயில் குடிக்கும். நீலப் புகை வரும். பஞ்சாலையில் வேலை செய்பவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்வது எதற்காக? காருக்கு அந்தத் துணிதான் பில்டர். மட்டமான பில்டரைப் போட்டு மிச்சப்படுத்தும் காசு, எஞ்சின் வேலையில் பல மடங்காகப் போய்விடும்.

மூன்றாவது, கலவை. கார்பரேட்டர் காற்றையும் பெட்ரோலையும் ஓர் அளவில் கலக்கிறது. காற்றின் வழியை மாற்றினால் அந்த அளவு மாறலாம். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடேறித் திணறும். கூடினால் கரும்புகை வரும். புகைச் சோதனையில் வண்டி தேறாது. ஆகவே குழாய் மாற்றினால் கார்பரேட்டரையும் சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, தண்ணீர். சிலர் குளிர்ச்சிக்காகக் குழாயை பம்பருக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். மழை பெய்தால் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் எப்படித் தேங்கும் என்பது கோவைக்காரர்களுக்குத் தெரியும். குழாய் அந்தத் தண்ணீரை உறிஞ்சினால் என்ன ஆகும்? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். எஞ்சினே போய்விடும்!

அப்படியானால் லாபமே இல்லையா? உண்டு, கொஞ்சம். மாருதி 800-ன் பழைய எஞ்சினின் வலு சுமார் 37 குதிரைத்திறன். நூற்றுக்கு 5 பங்கு கூடினாலும் 2 குதிரைத்திறன்கூட வராது. அதுவும் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது மட்டுமே. காந்திபுரம் நெரிசலில் பாதி மிதியில் ஊர்ந்து போகும்போது லாபம் தெரியாது. திறந்த பில்டரில் உறுமல் சத்தம் கூடும். அந்தச் சத்தத்தையே வேகம் என்று காது நம்பிவிடுகிறது.

மாட்டியே ஆக வேண்டுமா?

ஆசை விடாதவர்கள் இவற்றைக் கவனிக்க வேண்டும்:

குழாயின் வாய் ரேடியேட்டர் சூடு படாத முன்பக்க மூலையில், பம்பரைவிட உயரமாக இருக்கட்டும். பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே தகடு வைத்து மறைக்க வேண்டும். குழாயில் கூர்மையான வளைவு கூடாது. கிளிப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பில்டருக்குப் பின்னால் சிறு ஓட்டை இருந்தாலும் தூசு நேரே உள்ளே போகும். எஞ்சினிலிருந்து பில்டர் பெட்டிக்கு வரும் சிறிய ஆவிக் குழாயைக் கழற்றித் தொங்கவிடக் கூடாது. திரும்பச் சேர்க்க வேண்டும். பெல்ட்டிலோ விசிறியிலோ குழாய் உரசக் கூடாது.

சில பழைய கார்களில் பில்டர் பெட்டியில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு நிலைகள் உண்டு. குளிர் நாடுகளில் கார்பரேட்டர் உறையாமல் இருக்க, எஞ்சின் சூட்டை இழுக்கும் ஏற்பாடு அது. நம் ஊர் வெயிலில் கோடை நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் காசே வேண்டாம்!

சட்டமும் உண்டு. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். எதை மாற்றுவதற்கு முன்பும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஒண்டிப்புதூர் வரை ஓர் ஓட்டம்

மெக்கானிக் பில்டர் பெட்டியைத் துடைத்தார். புது பில்டர் போட்டார். பெட்டியின் வாயிலிருந்து முன்பக்கம் வரை புது ரப்பர் குழாயைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கினார். கார்பரேட்டரைச் சற்றுத் திருகிச் சரிசெய்தார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இளைஞர் திருச்சி சாலையில் ஒண்டிப்புதூர் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார்.

"பறந்துதுங்களா தம்பி?"

"பறக்கலீங்கண்ணா. ஆனா முன்னைக்கு நல்லா இழுக்குதுங்க!"

"அது போதுங்க. உங்கக்காவைக் கூட்டிட்டு வர்றப்ப வண்டி பறக்கவா வேணும்? நிக்காம வந்தாப் போதாதா?"

அட்டைப்பெட்டி மறுபடி பின்சீட்டுக்குப் போனது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கப்போவதாக இளைஞர் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருக்கிறதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். பில்டர் என்ன நிறம்? முன்பக்கக் குழாய் இருக்கிறதா? புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன், இருந்தது தொலைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் சிக்கனம்.