வைத்தியசாலைகளால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு? நாம் என்ன செய்யலாம்?

இந்தப் பக்கத்தில் வழமையாக நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு என்றுதான் வாசித்திருப்பீர்கள். இம்முறை நோயாளி வேறு. வைத்தியசாலையையே கொஞ்சம் பரிசோதித்துப் பார்ப்போம்.

உலகம் முழுவதும் வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களில் ஏறத்தாழ 4.4 வீதம் சுகாதாரத்துறையால் வருகிறது என்று 2019இல் வெளிவந்த ஒரு கணக்கீடு கூறுகிறது. யேர்மனியில் இது 5 வீதத்தைத் தாண்டுகிறது. இதைக் கேட்டதும் வெப்பமூட்டலும் மின்சாரமும்தான் காரணம் என்று நினைப்போம். அவையும் காரணந்தான். ஆனால் உலகளவில் 70 வீதத்துக்கு மேற்பட்ட பங்கு, வைத்தியசாலைகள் வாங்கும் பொருட்களில் இருந்தே வருகிறது. மருந்து, கையுறை, கருவிகள், உணவு ஆகியவற்றைச் செய்வதும் ஏற்றி இறக்குவதும் எறிவதும் இதில் அடங்கும். நம்மவர்களில் பலர் யேர்மன் வைத்தியசாலைகளின் சமையற்கூடங்களிலும் துப்புரவுப் பணியிலும் வேலை செய்தவர்கள். தொடாமல் திரும்பி வரும் சாப்பாட்டுத் தட்டுகளையும், சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வரும் கழிவுப் பைகளையும் கண்ட அவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் நம் மொழி பேசும் மண்ணிலேயே இருக்கிறது. 1976இல் வைத்தியர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். இன்று அது உலகின் மிகப் பெரிய கண் சிகிச்சை நிறுவனங்களில் ஒன்று. அதன் புதுச்சேரிக் கிளையில் செய்யப்படும் கண்புரைச் சத்திரசிகிச்சையை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒரு சிகிச்சைக்கு ஏறத்தாழ 6 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயுவும், கால் கிலோ கழிவும்தான் உண்டாகின்றன. பிரித்தானியாவின் கார்டிஃப் நகரில் அதே சிகிச்சைக்குக் கணக்கிட்டபோது வந்தது ஏறத்தாழ 180 கிலோ! இரு கணக்கும் ஒரே முறையில் செய்யப்பட்டவை அல்ல என்பது உண்மைதான். என்றாலும் 6 எங்கே, 180 எங்கே?

அரவிந்தில் செய்வது மாயவித்தை அல்ல. அங்கி, விரிப்பு போன்றவை துணியால் ஆனவை. தோய்த்து, கிருமிநீக்கித் திரும்பப் பாவிக்கிறார்கள். கருவிகளை விரைவாகக் கிருமிநீக்கி அடுத்தவருக்குத் தயாராக்குகிறார்கள். ஒரு கண்துளி மருந்துப் போத்தலை முதல் நோயாளியுடன் எறிந்துவிடாமல் பலருக்குப் பயன்படுத்துகிறார்கள். இப்போது நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்: கிருமி தொற்றாதா? இலட்சக்கணக்கான சிகிச்சைகளை வைத்து அவர்கள் வெளியிட்ட புள்ளிவிபரங்களின்படி, சிகிச்சையின் பின் கண்ணுக்குள் கிருமி தொற்றும் வீதம் மேற்கு நாடுகளைவிட அதிகமில்லை.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே இங்கு கொண்டுவரலாம் என்று நான் சொல்லவில்லை. ஊரில் கண்ணாடி ஊசியை அவித்துப் போட்ட காலத்துக்குத் திரும்பவும் சொல்லவில்லை. சரியாக அவியாத ஊசி எத்தனை பேருக்கு ஈரல் அழற்சியைக் கொடுத்தது என்பதை வைத்தியர்கள் அறிவோம். ஆனால் ஒரு தையலை வெட்டுவதற்கு ஒரு உருக்குக் கத்தரிக்கோலைப் பொதியிலிருந்து எடுத்து, வெட்டி, அப்படியே குப்பையில் போடுவது சுகாதாரம் அல்ல, பழக்கம். கையுறையும் அப்படித்தான். லண்டனில் உள்ள கிறேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலை 2018இல், தேவையில்லாத இடத்தில் கையுறையைத் தவிர்த்துக் கையைக் கழுவுங்கள் என்று தன் ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரே வருடத்தில் 21 தொன் பிளாஸ்ரிக் மிச்சம்.

அடுத்தது மயக்கமருந்து. மூச்சு வழியாகக் கொடுக்கப்படும் இந்த வாயுக்கள் உடலில் அநேகமாக மாற்றமடைவதில்லை. நோயாளி வெளிவிடும் மூச்சோடு கூரைக்கு மேலே போய்விடுகின்றன. இவற்றில் டெஸ்ஃபுளூரேன் என்பது 100 வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 2500 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. செவோஃபுளூரேனுக்கு இது 150 மடங்குக்கும் குறைவு. பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. 2026 ஜனவரி 1 முதல், மருத்துவ ரீதியாக வேறு வழியில்லாத இடம் தவிர, டெஸ்ஃபுளூரேனை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துள்ளது. அதனால் உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சத்திரசிகிச்சை என்றால் மருந்தின் தரத்தைக் குறைத்துவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம்.

யேர்மனியில் 2019 முதல் 2022 வரை கிளிக் கிறீன் என்றொரு திட்டம் நடந்தது. அதில் நமது மாநில வைத்தியசாலைகளின் சங்கமும் பங்காளி. வெளியிலிருந்து நிபுணரைக் கூட்டி வராமல், அங்கேயே வேலை செய்யும் தாதியையோ தொழில்நுட்பவியலாளரையோ பயிற்றுவித்துக் காலநிலைப் பொறுப்பாளராக்கினார்கள். இரவில் வெறுமையாகக் கிடக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்தின் காற்றோட்டத்தைக் குறைப்பது போன்ற வேலைகள், வீட்டில் ஆளில்லாத அறையின் விளக்கை அணைப்பதற்குச் சமம். வீட்டில் அம்மா சொல்வதைத்தான் இங்கே திட்டம் போட்டுச் செய்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தொய்வு நோய்க்குப் பாவிக்கும் ஸ்பிறேயில் மருந்தைத் தள்ளி வெளியே விடுவதற்கு ஒரு வாயு இருக்கிறது. அதுவும் வலிமையான பச்சைவீட்டு வாயு. ஒரு ஸ்பிறே முடியும்போது, வகையைப் பொறுத்து, ஏறத்தாழ 10 முதல் 30 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான அளவு வெளியேறியிருக்கும். தூளாக உறிஞ்சும் கருவியில் அந்த வாயுவே இல்லை. சுவீடனில் பெரும்பாலானோர் தூளைத்தான் பாவிக்கிறார்கள். யேர்மன் குடும்ப வைத்தியர் சங்கமும் 2022இல் இதுபற்றி வழிகாட்டல் வெளியிட்டது. ஆனால் தூளை உறிஞ்சப் பலமான மூச்சு வேண்டும். சிறு பிள்ளைகளுக்கும், பலவீனமான முதியவர்களுக்கும், கடும் முட்டு வந்த நேரத்திலும் ஸ்பிறேதான் நல்லது. எனவே இதை வாசித்துவிட்டு யாரும் தாமாக ஸ்பிறேயை நிறுத்த வேண்டாம்! அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, எனக்குத் தூள் சரிவருமா என்று கேளுங்கள். மூச்சை இழுத்துக் காட்டச் சொல்வார். இரண்டு நிமிட வேலை.

மிஞ்சிய குளிசைகளை மலசலகூடத்தில் கொட்டாதீர்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களால் பல மருந்துகளை முழுமையாக அகற்ற முடியாது. சாதாரண குப்பையில், அதாவது றெஸ்ற்மூலில், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி சுற்றிப் போடலாம். பீலெஃபெல்ட்டில் அந்தக் குப்பை எரிக்கப்படுகிறது. மருந்தும் சேர்ந்து அழிந்துவிடும். ஊருக்கு அனுப்பலாமே என்று சிலர் சேர்த்து வைக்கிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் ஒரு நோயாளியிடமிருந்து திரும்பிய மருந்தை நன்கொடையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாதல்லவா?

மூட்டு வலிக்குப் பூசும் டிக்ளோஃபெனாக் பற்றியும் சொல்ல வேண்டும். வோல்ற்றாரன் இல்லாத தமிழ் வீடு இங்கே குறைவு. இந்தியாவில் மாடுகளுக்கு இதே மருந்தைக் கொடுத்தார்கள். இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. 1990களில் தொடங்கி மூன்று கழுகு இனங்கள் அநேகமாக அழிந்தே போயின. காரணம் 2004இல்தான் தெரியவந்தது. 2006இல் இந்தியா மாடுகளுக்கு அதைத் தடை செய்தது. இங்கே அது மீன்களின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. பூசும் களிம்பில் மிகச் சிறிய பகுதிதான் தோலுக்குள் போகிறது. மிச்சம் கையிலும் உடுப்பிலும் தங்கி, கழுவும் தண்ணீரோடு ஆற்றுக்குப் போகிறது. ஆகவே பூசியபின் கையை முதலில் கடதாசியால் நன்றாகத் துடைத்து, அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். குளிப்பதாக இருந்தால் குளித்துவிட்டுப் பூசுங்கள். பூசிவிட்டு உடனே குளிக்காதீர்கள்.