களைதான் ஆமைக்கு விருந்து

தென் அட்லாண்டிக் கடலில் தன்னந்தனியாகக் கிடக்கும் செயின்ட் ஹெலினா, நெப்போலியனைச் சிறை வைத்த தீவு என்றுதான் நமக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகம். அந்தத் தீவின் ஆளுநர் குடியிருக்கும் பிளான்டேஷன் ஹவுஸ் மாளிகையின் புல்வெளிக்கு 1882-ல் சேஷெல்ஸிலிருந்து ஒரு ராட்சத ஆமை வந்து சேர்ந்தது. பெயர் ஜோனதன். வந்தபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்ததால், 1832 வாக்கில் பிறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். இதுவரை வாழ்ந்த நில ஆமைகளிலேயே வயதில் மூத்தது என்று 2022-ல் கின்னஸ் அறிவித்தது ஜோனதனைத்தான்.

எல்லோரும் அதன் வயதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் வாய். கண்புரையால் பார்வை போனது. மோப்ப சக்தியும் போனது. எது புல், எது மண் என்று தெரியாமல் மண்ணையும் சருகையும் மென்றுகொண்டிருந்தது ஜோனதன். அலகு மழுங்கி, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. தீவின் கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ், வாரம் ஒருமுறை தன் கையாலேயே காய்கறியும் பழமும் ஊட்டத் தொடங்கினார். முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி, ஆப்பிள், கொய்யா, வாழைப்பழம். கொஞ்ச காலத்தில் அந்த அலகு மறுபடி கெட்டிப்பட்டது. ஊட்டுகிற விரலைப் பதம் பார்க்கிற அளவுக்குக் கூர்மையும் ஏறியது. வயிறு நிறைவது வேறு, உடம்புக்கு வேண்டியது கிடைப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆனால், ஜோனதனின் கூடையை அப்படியே வீட்டு ஆமைக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. நூற்றி எண்பது வயதைத் தாண்டிய, கண் தெரியாத, மற்ற நாளெல்லாம் புல் மேய்கிற ஒரு ராட்சத ஆமைக்கு வாரம் ஒருமுறை தரும் பத்தியம் அது. கையகல ஹெர்மன் ஆமைக்குத் தினமும் அதையே வைத்தால், பாசத்தாலேயே அதை நோயாளி ஆக்கிவிடுவோம்.

ஹெர்மன் ஆமை மத்தியதரைக் கடல் ஓரத்துக் காய்ந்த குன்றுகளைச் சேர்ந்தது. பிரிட்டனில் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் ஆமைகளில் ஒன்று. அந்த நாட்டுக்கும் ஆமைக்கும் உள்ள உறவு பழையது. 18-ஆம் நூற்றாண்டில் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான கில்பர்ட் வைட், டிமோதி என்ற ஆமையை வளர்த்தார். பால் வடியும் செடிகள், அதாவது லெட்யூஸ், டேன்டிலியன் போன்றவைதான் அதற்குப் பிரியம் என்று அப்போதே கவனித்து எழுதிவைத்தார். (டிமோதி பெண் ஆமை என்பது அது இறந்த பிறகே தெரிந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) இத்தனை நல்ல குறிப்பு கையில் இருந்தும் பின்னால் வந்தவர்கள் அதைப் பின்பற்றவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் ஆமைகளைப் பெட்டி பெட்டியாக இறக்கி, மலிவு விலைக்குக் கடையில் விற்றார்கள். வாங்கியவர்கள் பாலில் ஊறிய ரொட்டியை வைத்தார்கள். பெரும்பாலானவை சில வருடம்கூடத் தாங்கவில்லை. 1984-ல் அந்த இறக்குமதி வணிகத்துக்குத் தடை வந்தது.

பாலும் ரொட்டியும் ஏன் ஆகாது? செடி தின்னும் நில ஆமையின் பெருங்குடல் ஒரு நொதிப்புக் கூடம். நார் மிகுந்த இலையை அங்குள்ள நுண்ணுயிர்கள் மெதுவாகச் சிதைத்துச் சத்தாக்குகின்றன. மாவுச்சத்தும் சர்க்கரையும் திடீரென்று உள்ளே போனால் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகுலையும், வயிறு போகும், குடல் புழுக்கள் பெருகும். பாலைச் செரிக்கும் வசதி ஊர்வனவற்றின் குடலுக்கு இல்லவே இல்லை.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. ஓடு என்பது ஆமை மேலே போட்டுக்கொண்ட சட்டை அல்ல. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து விரிந்ததுதான் அது. அதைக் கட்ட கால்சியம் வேண்டும். உணவில் பாஸ்பரஸைப் போல இரு மடங்காவது கால்சியம் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. 100 கிராம் டேன்டிலியன் கீரையில் கால்சியம் 187 மில்லிகிராம், பாஸ்பரஸ் 66. வாழைப்பழத்தில் கால்சியம் வெறும் 5, பாஸ்பரஸ் 22. பாஸ்பரஸ் மிஞ்சினால், உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்கும். ஓடு மெத்தென்று ஆகும். கால்கள் உடம்பைத் தூக்க மறுக்கும். இது ஒரே வாரத்தில் நடப்பதில்லை. மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். கண்ணில் படும்போது பாதி நாசமாகியிருக்கும். ஆமை வளர்ப்பில் நான் பயப்படுவது இந்த மெதுவான கேட்டுக்குத்தான்.

லண்டனின் ஹாரோ பகுதியில் என் தோழி வீட்டில் ஒரு ஹெர்மன் இருக்கிறது. காலை வெயில் ஏறியதும் தோழியின் மகள் தோட்டத்தில் களை பிடுங்கி வந்து, ஒரு தட்டையான பலகைக்கல்லின் மேல் பரப்புவாள். டேன்டிலியன், க்ளோவர், ஒரு செம்பருத்திப் பூ, பக்கத்தில் ஒரு கணவாய் ஓடு. நான் போயிருந்த அன்று ஆமை கழுத்தை நீட்டி முதலில் மஞ்சள் பூவைத்தான் கவ்வியது. பிறகு முன்னங்காலால் தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னுக்கு இழுத்து இலையைக் கிழித்தது. கல்லில் உரசி உரசியே அலகு அளவோடு தேய்ந்துவிடுமாம். என் தட்டில் மீந்த தக்காளித் துண்டை நீட்டப் போனேன். “பெரியம்மா, அது வேண்டாம். வயித்தால போகும்” என்று தடுத்தாள் அந்தப் பெண். எட்டு வயது. அந்த வீட்டு ஆமைக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

பல வகை இலை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எந்த ஒரு செடியும் தனியாக நிறைவான உணவு இல்லை. தினமும் ஒன்றையே தின்றால் நல்ல செடியும் கெடுதல் செய்யும். பாலக்கீரையில் ஆக்ஸலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். முட்டைக்கோஸ் குடும்பம் அளவு மீறினால் தைராய்டுக்குத் தொல்லை. கடையில் கிடைக்கும் ஐஸ்பெர்க் லெட்யூஸ் பெரும்பாலும் தண்ணீர்தான். ஆகவே களைகளை மாற்றி மாற்றிக் கொடுப்பதும், செம்பருத்தி இலை, முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் போன்றவற்றை இடையிடையே சேர்ப்பதும் நல்லது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துச் செடி, சாலையோரப் புகை படிந்த செடி கூடவே கூடாது. டாஃபடில், ஃபாக்ஸ்குளோவ், பட்டர்கப் போன்றவை விஷம். பேர் தெரியாத செடியை வைக்காமல் இருப்பதே உத்தமம்.

சிலர் நாய்த் தீனி, பூனைத் தீனி போடுகிறார்கள். ஆசையாகத் தின்கிறதே என்று பெருமை வேறு. அந்தப் புரதத்தின் கழிவைத் தள்ள முடியாமல் சிறுநீரகம் திணறும். ஓட்டில் கூம்பு கூம்பாக மேடு தட்டுவதற்கும் புரதம்தான் முழுக் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆப்பிரிக்க சுல்கட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்து ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, காற்றின் ஈரப்பதம் குறைவதே பெரிய காரணம், புரதத்தின் பங்கு சிறியது என்று காட்டியது. அதனால் புரதம் போடலாம் என்று அர்த்தமில்லை. குஞ்சு ஆமையை வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி உட்காரவைப்பதும் உணவளிப்பதில் சேர்த்தி என்றே அர்த்தம்.

எல்லா ஆமைக்கும் ஒரே இலை போடவும் முடியாது. சுல்கட்டாவும் சிறுத்தை ஆமையும் புல்வெளிக்காரர்கள். அவற்றுக்குப் புல்லும் உலர்ந்த வைக்கோலும்தான் பிரதானம். தென் அமெரிக்கக் காடுகளின் செங்கால் ஆமையோ உதிர்ந்த பழம், காளான், கொஞ்சம் மாமிசம் வரை தின்று பழகியது. பழத்தை அதற்கு மறுப்பது தவறு. அதைப் பார்த்து ஹெர்மனுக்குப் பழம் ஊட்டுவதும் தவறு. எந்த மண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் ஓர் ஆமையின் தட்டில் எதையும் வைக்காதீர்கள்.

இன்னொன்று, வெயில். உடம்பு 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறாமல் ஆமைக்குச் செரிமானம் ஒழுங்காக நடக்காது. சூரியனின் புற ஊதா கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் தின்றாலும் எலும்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால்தான் குளிர்நாடுகளில் தனி விளக்கு போடுகிறார்கள். குளிர்கால உறக்கத்துக்கு அனுப்பும் முன், ஆமையின் அளவைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரம் உணவை நிறுத்திக் குடலைக் காலியாக்க வேண்டும். இல்லாவிட்டால் செரிக்காத உணவு உள்ளேயே அழுகி உயிரைப் பறிக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் ஊரில் ஒரு நட்சத்திர ஆமையை வாங்கி நன்றாக வளர்க்கலாமே என்று யாருக்காவது தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். தமிழகம், ஆந்திரம், இலங்கை, வடமேற்கு இந்தியாவின் புதர்க்காடுகளில் புல் மேயும் காட்டுயிர் அது. வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையே அதைக் கடத்தல்காரர்களிடம் சிக்கவைத்திருக்கிறது. 2019-ல் அதன் சர்வதேச வணிகத்துக்கு சைட்டிஸ் உடன்படிக்கை முழுத் தடை விதித்தது. 2022-ல் திருத்தப்பட்ட நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. வளர்ப்பது குற்றம். ஒளித்து வளர்க்கிற ஆமைக்கு வெயிலும் கிடைக்காது, புல்லும் கிடைக்காது, வைத்தியரிடம் காட்டவும் துணிச்சல் வராது. டைல்ஸ் தரையில் வைத்துச் சோறும் முட்டைக்கோஸும் போடுகிற அந்த வீடுகளில், மேலே சொன்ன அத்தனை கேடும் ஒன்றுசேர்ந்து நடக்கும். அப்படி ஓர் ஆமை உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.