மறைந்து நிற்கும் முத்திரை

பொருளை இழந்தவன் அதனை மீண்டும் ஈட்டிக்கொள்ளலாம். தான் அரிதின் இயற்றிய நூலின்மேல் பிறன் பெயர் ஏறக் கண்டவன் தன் வருத்தத்தை ஆற்றிக்கொள்ளுதல் எளிதன்று. ஆதலின், படைப்பு தன்னுடையதே என்று நிறுவும் அடையாளத்தை அப்படைப்பின் உள்ளேயே அமைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அவ்வழக்கமே இன்று கணிப்பொறிக் கோப்புகளில் வேறு வடிவம் கொண்டு விளங்குகின்றது.

ஏட்டின் முகப்பில் எழுதிய பெயரை ஒருவன் எளிதில் நீக்கிவிடலாம். பாட்டோடு பின்னிய பெயரை நீக்கினால் பாட்டே சிதையும். திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகத்தின் இறுதிப் பாட்டில் அவர் பெயர் அமைந்துள்ளது. முன்னுள்ள பாடல்கள் பத்து என்னும் தொகையும் அங்கேயே சொல்லப்பட்டுள்ளது. பெயர் ஆசிரியரைக் காட்டுகின்றது; தொகை பாடல்கள் குறையாமலும் மிகாமலும் காக்கின்றது. இத்தகைய இறுதிப் பாட்டைத் திருக்கடைக்காப்பு என்பர்.

இசைப்புலவரும் இந்நெறியைப் போற்றினர். தியாகராசர் தம் பெயரையே முத்திரையாக வைத்தார். முத்துசாமி தீட்சிதர் ‘குருகுஹ’ என்றும், சியாமா சாஸ்திரிகள் ‘சியாமகிருஷ்ண’ என்றும் முத்திரை வைத்தனர். மயிலாப்பூரில் வாழ்ந்து, மார்கழி வைகறையில் மாடவீதிகளில் பஜனை செய்துவந்த பாபநாசம் சிவன் (1890–1973) ‘ராமதாசன்’ என்பதைத் தம் முத்திரையாகக் கொண்டார்.

பெயரன்றி, யாப்பும் காவலாக நின்றது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும். இடையே ஒன்று மறையினும், புதிதாக ஒன்று புகுத்தப்படினும் தொடை அறுந்து காட்டிக் கொடுத்துவிடும். கட்டளைக் கலித்துறையில், ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடி 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடி 17 எழுத்தும் பெற்றிருத்தல் வேண்டும். எண்ணிக்கை பிழைப்பின், ஏடு எழுதியோர் பிழையோ பிறர் கைவண்ணமோ அங்கு உண்டென்று ஆராய்வோர் ஐயுறுவர். அபிராமி அந்தாதி இவ்விரு காவலும் ஒருங்கே பெற்ற நூலாகும்.

இனி, கணிப்பொறியில் இது நிகழுமாற்றைக் காண்போம். கணிப்பொறி ஒரு படத்தைப் பல்லாயிரம் புள்ளிகளாகப் பகுக்கின்றது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவும் 0 முதல் 255 வரையுள்ள எண்களால் குறிக்கப்படும். சிவப்பின் அளவு 200 என்பதை 201 ஆக்கினால் நம் கண் அவ்வேறுபாட்டை அறியாது, கணிப்பொறி அறியும். இரட்டைப்படை எண்ணை 0 என்றும், ஒற்றைப்படை எண்ணை 1 என்றும் கொண்டால், எட்டுப் புள்ளிகளில் ஓர் ஆங்கில எழுத்தை மறைத்து எழுதலாம். இவ்வாறே ஆசிரியன் பெயர் முழுவதையும் படத்தினுள் பொதிந்து வைக்கலாம். நாணயத்தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் தோன்றும் நீர்க்குறி போன்றதாகலின், இதனை மின்னணு நீர்க்குறி என்பர். ஒலியிலும் இவ்வாறு செய்யலாம். இசையினுள் உரிமைக்குறி புதைக்கும் முறை ஒன்றிற்கு எமில் ஹெம்புரூக் என்பவர் 1954-இல் அமெரிக்காவில் காப்புரிமை கோரினார். அது 1961-இல் வழங்கப்பட்டது.

மேற்கூறிய எளிய குறிக்கு ஒரு குறையுண்டு. படத்தைச் சுருக்கினாலும் வெட்டினாலும் அது அழிந்துபோகும். ஆதலின், குறியை ஓரிடத்தில் வையாது படம் முழுவதும் பரவ வைக்கும் வலிய முறைகளை அறிஞர் வகுத்துள்ளனர். சட்டமும் துணை நிற்கின்றது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, உரிமையைக் காட்டும் குறிப்புகளை அறிந்தே அதிகாரமின்றி நீக்குவோர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க வழி செய்யப்பட்டது.

எனினும், முத்திரை மட்டுமே முடிந்த சான்று ஆகாது. தெலுங்கில் பாடிய பத்ராசலம் ராமதாசருக்கும் ‘ராமதாச’ என்பதே முத்திரை. முத்திரை ஒன்றாயினும், மொழியும் காலமும் நடையும் நோக்கியே இருவர் பாடல்களையும் பிரித்தறிகின்றோம். கோப்பிலும் அவ்வாறே. பிறன் படத்தைக் கவர்ந்தவனும் தன் குறியை அதனுள் புதைக்க வல்லவன் அல்லனோ? ஆகவே, முந்தியவர் எவர் என்பதற்கும் சான்று வேண்டும். கோப்பு முழுவதையும் கணக்கிட்டு ஒரு குறித்த நீளமுள்ள சுருக்க எண்ணாக்கும் முறைகள் உள்ளன. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றிலும் வேறாகும். அதனை நம்பத்தகுந்த நடுவரிடம் நாளிட்டுப் பதிந்து வைத்தால், அக்கோப்பு அந்நாளிலேயே நம்மிடம் இருந்தது என்று பின்னர் நிறுவலாம். முதற்படிகளையும் திருத்தங்களையும் பேணி வைத்தல் இதனினும் நன்று. திருடியவனிடம் முடிந்த பொருள் இருக்கும். அது வளர்ந்த வழி இராது.

மாணவர்களே! நுங்கள் கட்டுரைக்கு ஒரு படமோ பாட்டோ பிறரிடமிருந்து எடுக்குங்கால், அதனுள் முத்திரை உண்டோ என்று ஆராய்ந்துகொண்டிருத்தல் வேண்டா. ஆக்கியோர் பெயரை அதன் அருகே எழுதிவிடுங்கள். பெயர் காணாவிடத்தும் அது பிறர் உழைப்பென்று கூறுதல் நம் கடமையாகும். கவர்வோர் உளராதலின் முத்திரை வேண்டுவதாயிற்று. நேர்மையுடையார்க்கு அவர்தம் நெஞ்சே சான்றாகும்.